மாடி இறங்கிய சோபா

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமையலறைத் தொட்டி அடைத்துக்கொண்டது. மகள் தரையில் மல்லாந்து படுத்து, தொட்டிக்குக் கீழே தலையை நுழைத்து, வளைந்த குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அம்மா பக்கத்தில் குந்தி உட்கார்ந்து டார்ச் பிடித்தாள்.

"நேரா பிடிம்மா."

"நேராத்தான் பிடிச்சிருக்கேன். உன் தலைதான் குறுக்க நிக்குது."

"தலையைக் கழட்டி வெச்சிட்டு வேலை பார்க்கவா?"

"வெச்சுக்கிட்டு மட்டும் என்னத்தைக் கிழிச்ச? ஊருக்கெல்லாம் லிஃப்ட்டை ஏத்தி இறக்குறா என் பொண்ணு. வீட்டுல கழுவுன தண்ணி கீழ இறங்க மாட்டேங்குது."

மகள் லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் பொறியாளர். அம்மா அவளை ஏசும்போதெல்லாம் 'இஞ்சினியரம்மா' என்பாள். பாராட்டும்போது என்ன சொல்வாள் என்று யாருக்கும் தெரியாது. இருவரும் சேர்ந்து செய்த கடைசி வேலை இதுதான். அப்போது அது தெரியவில்லை. தெரிந்திருந்தாலும் சண்டை குறைந்திருக்காது.

குழாய் கழன்றது. கறுப்பாக ஒரு கட்டி வாளியில் விழுந்தது. அம்மா டார்ச்சை அதன்மேல் அடித்து உற்றுப் பார்த்தாள். எதையும் பார்க்காமல் விட மாட்டாள்.

"வர்ற மாசம் ஒரு அப்பீல் இருக்கு" என்றாள்.

"யாரு மேல?"

"என் மேல."

"போட்டது யாரு?"

"நான்தான்."

மகள் சிரித்த சிரிப்பில் நெற்றி தொட்டியின் அடியில் இடித்தது. அம்மா சிரிக்கவில்லை.

அம்மா அரசு அலுவலகத்தில் கள விசாரணையாளராக இருந்தாள். படித்து முடித்த பிள்ளைகளை அரசு தன் அலுவலகங்களிலும் ஆய்வுக்கூடங்களிலும் ஒரு வருடப் பயிற்சிக்கு எடுக்கும். அதில் ஒரு பங்கு இடத்தை வழியில்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிவைத்திருந்தது. காப்பகத்தில் வளர்ந்தவர்கள், உடல் குறை உள்ளவர்கள், சம்பாதிக்க ஆளில்லாத வீட்டில் பிறந்தவர்கள், குடும்பத்திலேயே முதன்முதலாகப் பட்டம் வாங்கியவர்கள் எல்லாரும் அதில் வருவார்கள். வழியில்லை என்று யார் வேண்டுமானாலும் எழுதிக் கொடுத்துவிடலாம். வீட்டுக்கே போய், அது உண்மையா என்று பார்த்து, தகுதி உண்டு, இல்லை என்று இரண்டில் ஒன்றை எழுதுவதுதான் அம்மாவின் வேலை.

அலுவலகத்தில் அவளுக்கு எக்ஸ்ரே என்று பெயர். முகத்துக்கு நேரே மேடம் என்பார்கள். முதுகுக்குப் பின்னால் எக்ஸ்ரே. ஒரு வீட்டில் அப்பா படுத்த படுக்கை என்று போர்வையைக் கழுத்துவரை இழுத்து மூடிவைத்திருந்தார்கள். அம்மா கால்மாட்டில் நின்று, "படுக்கையில ஷூவைக் கழட்டிட்டுப் படுத்தா சீக்கிரம் குணமாகும்" என்று சொல்லிவிட்டு வந்தாள். இன்னொரு வீட்டில் சுவரில் வெளுத்துக் கிடந்த சதுரத்தைக் காட்டி, "டிவி எந்த வீட்டுல விருந்தாளியா இருக்கு?" என்று கேட்டாள். திட்டு வாங்காமல் அவள் வீடு திரும்பிய நாள் கிடையாது. ஒரு பெண் மாடியிலிருந்து பாத்திரம் கழுவிய தண்ணீரைத் தலையில் கொட்டினாள். அம்மா அப்படியே மேலே ஏறிப் போய், சொட்டச் சொட்ட நின்று, மிச்சக் கேள்வியையும் கேட்டு முடித்துவிட்டுத்தான் இறங்கினாள்.

அந்தக் கண் வீட்டிலும் மூடாது. மகள் சின்ன வயதில் வயிறு வலிக்கிறது என்றால், "எந்தப் பக்கம்? தொட்டுக் காட்டு. இப்ப அந்தப் பக்கம் திரும்பு. மறுபடி காட்டு" என்பாள். கை கொஞ்சம் இடம் மாறினால் பள்ளிக்கூடம்தான். அப்பா இன்னொருத்தியோடு குடித்தனம் வைத்திருந்ததையும் அம்மா அவருடைய காலணியில் ஒட்டியிருந்த செம்மண்ணை வைத்தே கண்டுபிடித்தாள். அவர் மறுக்கவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு செம்மண் இருக்கும் பக்கமே போய்விட்டார்.

இப்படிப்பட்டவள் ஏமாந்தாள் என்றால் நம்ப முடியாது. நன்றாகவே ஏமாந்தாள்.

ஒரு பழைய கட்டடம். கீழ் வீட்டில் இஸ்திரிக்காரர், மனைவி, மகள். அந்தப் பெண் பகலில் அப்பாவோடு துணி தேய்த்து, மாலைக் கல்லூரியில் வேதியியல் படித்து முடித்தவள். குடிநீர் ஆய்வுக்கூடத்தில் பயிற்சிக்கு விண்ணப்பித்திருந்தாள். அங்கே ஒரு வருடம் பயிற்சி முடித்தால் அங்கேயே வேலைக்கு வாய்ப்பு உண்டு. வயது வரம்பில் அதுதான் அவளுக்குக் கடைசி வருடம். மேல் வீட்டுப் பையனும் அதே ஆய்வுக்கூடத்துக்குத்தான் எழுதிப் போட்டிருந்தான். அவன் அப்பா வெளியூரில் கை நிறையச் சம்பாதிக்கிறவர். வேலை போய்விட்டது என்று எழுதியிருந்தார்கள்.

முன்பெல்லாம் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் போய்க் கதவைத் தட்டுவாள். புதிதாக வந்த பிரிவுத் தலைவர் அதை மாற்றினார். முதல் நாளே போனில் செய்தி போய்விடும்: நாளை காலை விசாரணையாளர் வருவார்.

செய்தி இரண்டு வீட்டுக்கும் வந்தது. மேல் வீட்டு அம்மாளுக்குச் சாமான்களை எங்கே ஒளிப்பது என்று கவலை. கீழ் வீட்டு அம்மாளுக்கு வருகிறவரை எதில் உட்காரவைப்பது என்று கவலை. ஆபீசர் வருகிறார், நல்ல குடும்பமா என்று பார்க்கத்தான் வருவார், நல்ல குடும்பம் என்றால்தானே பெண்ணுக்கு வேலை கொடுப்பார்கள் என்று அவள் நினைத்துவிட்டாள்.

"எங்க சோபாவை வேணா ஒரு நாள் வெச்சுக்கோங்களேன்" என்றாள் மேல் வீட்டு அம்மாள். "டிவியும் எடுத்துக்கோங்க. ஃபேனும் இருக்கு. எங்களுக்கு எதுக்கு இப்ப?"

கீழ் வீட்டு அம்மாள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொன்னாளாம்.

மறுநாள் விடிந்ததும் சோபா மாடி இறங்கியது. இஸ்திரிக்காரர் மேசையையும் பெட்டியையும் துணி மூட்டைகளையும் கொல்லைப்புறம் கொண்டுபோய் மூடினார். வாழ்நாளில் முதல்முறையாக ஒரு வாடிக்கையாளரின் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். இதெல்லாம் நடந்தபோதும் அம்மா வந்தபோதும் அவர் மகள் துணி கொடுக்க வெளியே போயிருந்தாள்.

அம்மா முதலில் மேல் வீட்டுக்குப் போனாள். வெறும் கூடம். சோபா கிடந்த தடம் தரையில் தெரிந்தது. தெரியாமல் போகுமா அவளுக்கு?

"இங்க கிடந்தது எங்க?"

"வித்துச் சாப்பிட்டுட்டோம் மேடம்" என்று அந்த அம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

தடமே சாட்சி சொல்லிவிட்டது. தகுதி உண்டு.

பிறகு கீழே இறங்கிப் போய், அதே சோபாவில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்து, சுற்றிலும் பார்த்து, "நல்லா வெச்சிருக்கீங்க வீட்டை" என்றாள். இஸ்திரிக்காரருக்கு நெஞ்சு பூரித்துப்போயிற்று. என்ன தொழில் என்று கேட்டதற்கு, "துணி சம்பந்தமா" என்றார். சட்டையின் மடிப்பு கத்தி மாதிரி நின்றது. தகுதி இல்லை.

அத்தனை வருடமும் அவள் பார்த்த பொய்யெல்லாம் கீழ்நோக்கியே போன பொய். இருப்பதை இல்லை என்பார்கள். இல்லாததை இருக்கிறது என்று அரசாங்கத்தின் முன்னால் யாராவது காட்டுவார்கள் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

முடிவு வெளியான அன்று இஸ்திரிக்காரர் மகள் நேரே அலுவலகத்துக்கு வந்து அம்மாவின் மேசை முன்னால் நின்றாள்.

"எங்க வீட்டுக்கு வந்தது நீங்கதானே?"

"ஆமா. சோபாவுல உட்கார்ந்தேன். வசதியா இருந்துச்சு."

"அது எங்க சோபா இல்ல."

"எல்லாரும் இப்படித்தான் சொல்றாங்க."

"எல்லாரும் ஒளிச்சு வெச்சிட்டுச் சொல்லுவாங்க மேடம். நடு வீட்டுல போட்டு உங்களையே உட்கார வெச்சு யாராவது காட்டுவாங்களா? கொஞ்சமாவது யோசிச்சீங்களா? மேல போய்ப் பாருங்க. அந்தப் பையன் இப்ப அதுலதான் கால் நீட்டிப் படுத்திருப்பான்."

அம்மா எழுதிய அறிக்கையை மறுபடி எடுத்துப் படித்து யாரும் பார்த்ததில்லை. அன்றைக்கு அலுவலகமே பார்த்தது. சாயங்காலம் செய்தி அனுப்பாமல் போய் மேல் வீட்டுக் கதவைத் தட்டினாள். பையன் படுத்துத்தான் இருந்தான். அவனைக் கையசைத்து எழுப்பிவிட்டு, போய் உட்கார்ந்து பார்த்தாள். அதே பள்ளம், அதே இடத்தில்.

மறுநாள் பிரிவுத் தலைவரின் அறைக்குப் போனாள். அவருக்கு அலுவலகம் வைத்த பெயர் ஐஸ்பெட்டி. குரலை உயர்த்த மாட்டார். வியர்க்க மாட்டார். உள்ளே போன எதுவும் அப்படியே உறைந்து கிடக்கும்.

"நீங்களே தப்புன்னு சொன்னா, இத்தனை வருஷமா நீங்க தள்ளிவிட்ட அத்தனை பேரும் நாளைக்கு வாசல்ல வந்து நிப்பாங்களே மேடம்."

"நிக்கட்டும். பெஞ்சு வாங்கிப் போடுங்க."

"ஓய்வு பெறுற நேரத்துல இதெல்லாம் எதுக்கு?"

"ஓய்வு எனக்குத்தான். அவளுக்கு இன்னும் வேலையே ஆரம்பிக்கல."

அவர் விதியைச் சொன்னார். அறிக்கையை எழுதியவர் மேல்முறையீட்டுக் குழுவின் முன் நேரில் வந்து, எழுதியது தவறு என்று வாயால் சொன்னால்தான் மறுவிசாரணை. சொல்லிவிட்டால் விளக்கம் கேட்டு ஒரு குறிப்பாணை வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அம்மா அங்கேயே நின்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

இதையெல்லாம் அம்மா அந்த ஞாயிற்றுக்கிழமை, வாளியிலிருந்த கட்டியைக் குச்சியால் கிளறிக்கொண்டே சொன்னாள். மகள் குழாயைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

"அவளுக்கு அடுத்த வருஷம் வயசு தாண்டிடும். இந்த வருஷம் விட்டா போச்சு" என்றாள் அம்மா.

"எனக்கும் ஒரு வருஷம் இருந்துச்சு."

அம்மா டார்ச்சை அணைத்தாள். "அதை நீ விடவே மாட்டியா?"

அது பழைய கணக்கு. மகள் படிப்பை முடித்த வருடம், அப்பா விட்டுப்போன வீட்டுப் பிள்ளை என்ற முறையில் அவளுக்கும் அந்த முன்னுரிமை இருந்தது. மின்வாரியத்தில் பயிற்சிக்கு இடமும் இருந்தது. அம்மா விண்ணப்பிக்கவே விடவில்லை. தலைக்கு மேல கூரை இருக்கு, அம்மாவுக்குச் சம்பளம் வருது, அந்த இடத்தை நீ எடுத்தா நிஜமாவே இல்லாத ஒருத்தி வெளிய நிப்பா என்றாள். மகள் ஒரு லிஃப்ட் கம்பெனியில் சம்பளமில்லாமல் சேர்ந்து, இருட்டுக் குழிகளில் இறங்கிக் கம்பிக்கயிற்றுக்கு எண்ணெய் பூசித் தொழில் கற்றாள். அந்த எண்ணெய் வாடையோடு அவள் சோற்றில் கை வைத்த காலத்தில் அம்மா ஒரு நாளும் ஒரு வார்த்தை சொன்னதில்லை.

"அந்த ஒருத்தி, அந்த ஒருத்தின்னு ஊர்ல இல்லாத ஒருத்திக்காக என்னை வெளிய நிக்க வெச்ச. கடைசில நிஜமாவே ஒருத்தி வந்தா. அவளையும் வெளிய நிக்க வெச்சிட்ட. உன் நேர்மையை எங்க கொண்டுபோய் வெக்கிறது?"

"நீ நாசமாப் போயிடல. கைல தொழில் இருக்கு. அவ போயிடுவா."

"நான் போயிருந்தா உனக்குத் தெரிஞ்சிருக்குமா? வயித்து வலி எந்தப் பக்கம்னு கேட்டிருப்ப."

அம்மா முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். "குழாயை மாட்டிட்டு, தரையைத் துடைச்சிட்டுப் போ இஞ்சினியரம்மா" என்று சொல்லிவிட்டு அறைக்குப் போய்விட்டாள்.

அந்த வாரமே போய்ச் சேர்ந்தாள். காலையில் வேலைக்குக் கிளம்பியவள் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்தாள். பஸ் வந்தது. எழுந்திருக்கவில்லை. இரண்டு பஸ் போன பிறகுதான் பக்கத்தில் நின்ற ஒருவர் தொட்டுப் பார்த்தாராம். எல்லாரையும் துருவித் துருவிப் பார்த்தவளைப் பார்க்க ஆளில்லை.

வீட்டுக்கு வந்து போனவர்கள் எல்லாரும் ஒரே பாட்டைப் பாடினார்கள். நேர்மையான மனுஷி. கறாரான மனுஷி. இனி அப்படி ஒருத்தர் பிறக்கணும். எக்ஸ்ரே என்று பெயர் வைத்தவர்தான் உரக்கப் பாடினார். மகள் தலையாட்டிக்கொண்டே இருந்தாள். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

கூட்டம் ஓய்ந்த பிறகு ஒரு மத்தியானம் கதவு தட்டப்பட்டது. தோளில் துணிப் பையோடு ஒரு பெண் நின்றாள்.

"மேடம் இருக்காங்களா? அப்பீலுக்கு வர்றேன்னு சொன்னாங்க. ஆபீஸ்ல கேட்டா மழுப்புறாங்க."

"செத்துட்டாங்க."

அந்தப் பெண்ணின் முகம் சிவந்தது. "இப்பவா?" என்றாள்.

கேட்ட பிறகுதான் என்ன கேட்டோம் என்று அவளுக்கே உறைத்தது. ஆனாலும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை. "எங்க வீட்டுக்கு வந்து உட்கார்ந்து டீ குடிச்சிட்டு என் தலையெழுத்தை எழுதிட்டுப் போனாங்க. வந்து அழிக்கிறேன்னு சொன்னாங்க. இப்பப் போய்..."

இறந்த நாளிலிருந்து வந்து போனவர்களில் இவள் ஒருத்திதான் பூசி மெழுகாமல் பேசினாள். மகளுக்கு அவளைக் கழுத்தைப் பிடித்துத் தள்ளவும் தோன்றியது, உள்ளே கூப்பிட்டு உட்காரவைக்கவும் தோன்றியது.

"உள்ள வா. உட்காரு."

"வேணாங்க. உங்க சோபா உங்களோடதுதானா?"

மகள் முறைத்தாள். அந்தப் பெண்ணும் சளைக்காமல் முறைத்தாள்.

"என்னிக்கு அப்பீல்?" என்று கேட்டாள் மகள்.

மேல்முறையீட்டுக் குழு நாலாவது மாடியில் கடைசி அறையில் உட்கார்ந்தது. வெளியே பெஞ்சில் இஸ்திரிக்காரரும் அந்தப் பெண்ணும் இருந்தார்கள். மகளைக் கண்டதும் அவர் எழுந்து நின்றார்.

"அம்மா ரொம்ப நல்லவங்கம்மா. எங்க வீட்டுல டீ குடிச்சாங்க."

"அப்பா, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றாள் அந்தப் பெண்.

பியூன் கதவைத் திறந்து, "கள விசாரணையாளர்!" என்று கூப்பிட்டார். அம்மாவுக்குப் பதிலாக மகள் உள்ளே போனாள்.

மூன்று பேர் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஓரத்தில் ஐஸ்பெட்டி. நடுவில் இருந்த குழுத் தலைவர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"நீங்களா விசாரணையாளர்?"

"அவங்க மக. அவங்க செத்துட்டாங்க. மலர்வளையம் அனுப்பினது உங்க ஆபீஸ்தான்."

"ரொம்ப வருத்தம். நேர்மையான அதிகாரி."

"அந்த நேர்மையான அதிகாரி, எழுதினது தப்புன்னு கைப்பட எழுதிக் குடுத்திருக்காங்க. உங்க முன்னாடிதான் இருக்கு."

ஐஸ்பெட்டி தொண்டையைச் செருமினார். "விண்ணப்பம் இருக்கு. நேர்ல வந்து உறுதிப்படுத்தல. உறுதிப்படுத்தாத வரைக்கும் முதல் அறிக்கைதான் நிக்கும்."

"வேற ஆளை அனுப்பிப் பாருங்க. நடந்து போற தூரம். சோபா மேல் மாடியில கிடக்கு. அந்தப் பையன் ஆய்வுக்கூடத்துல சேர்ந்துட்டான், படுக்க ஆளில்லாம சும்மாத்தான் கிடக்கும்."

"அதுக்கு விதியில இடமில்லம்மா."

"ஒரு லிஃப்ட்டுக்குச் சான்று குடுத்த ஆளே, கயிறு தேஞ்சிருக்கு, நான் சரியாப் பார்க்கலன்னு எழுதி வெச்சிட்டுச் செத்துட்டாரு. அவரு வந்து வாயால சொன்னாத்தான் ஆச்சுன்னு ஆளை ஏத்திக்கிட்டே இருப்பீங்களா?"

"உணர்ச்சிவசப்படாதீங்க."

"நான் கயிறைப் பத்திப் பேசறேன்."

"துக்கத்துல இருக்கீங்க. புரியுது."

"புரியல. புரிஞ்சிருந்தா இந்நேரம் எழுந்து செருப்பு மாட்டியிருப்பீங்க."

தலைவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் ஐஸ்பெட்டியைப் பார்த்தார். ஐஸ்பெட்டி எதையும் பார்க்காமல் பேனாவின் மூடியைக் கழற்றினார். விசாரணையாளர் ஆஜராகவில்லை, மேல்முறையீடு தள்ளுபடி என்று தலைவர் சொல்லச் சொல்ல அவர் எழுதிக்கொண்டார். அடுத்தவரைக் கூப்பிடச் சொல்லிப் பியூனுக்குக் கை காட்டினார்கள்.

மகள் வெளியே வந்தாள். கேட்கத் தேவையில்லாதபடி அவள் முகமே இருந்தது. இஸ்திரிக்காரருக்கு மட்டும் புரியவில்லை.

"நல்லபடியா முடிஞ்சுதாம்மா?"

"முடிஞ்சுதுப்பா. வாங்க" என்றாள் அவர் மகள். துணிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பையில் யாருடைய சட்டைகளோ அடுக்கடுக்காக மடித்து இருந்தன, போகிற வழியில் கொடுத்துவிட்டுப் போக. இரண்டு அடி போய்த் திரும்பி வந்தாள்.

"ஒண்ணு கேக்கறேன். உங்கம்மா வந்திருந்தா நிஜமாவே சொல்லியிருப்பாங்களா? இல்ல, உள்ள போனதும் பல்டி அடிச்சிருப்பாங்களா?"

மகள் யோசித்தாள். தெரிந்த வரையில் அம்மா யாரிடமும் எதற்கும் தப்பு என்று ஒப்புக்கொண்டதே கிடையாது. பெற்ற மகளிடம்கூட இல்லை.

"சொல்லியிருப்பாங்க" என்றாள். "சொல்லிட்டு, அதுல பாதித் தப்பு சோபாவோடதுன்னும் சொல்லியிருப்பாங்க."

அந்தப் பெண்ணின் உதடு ஒரு பக்கமாகக் கோணியது. சிரிப்பு இல்லை. அப்பாவைக் கையைப் பிடித்துப் படிப்பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

பெஞ்சு காலியாக இருந்தது. மகள் அதில் உட்கார்ந்தாள். உள்ளே அடுத்தவருடைய மேல்முறையீடு நடந்துகொண்டிருந்தது. அம்மா இந்தக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய், அந்த மூன்று பேர் முன்னால் நின்று, நான் எழுதியது தப்பு என்று வாயால் சொல்லிவிட்டு வர வேண்டியிருந்தது. போகவில்லை.